திரை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? கண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்து கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் ‘டொக்டர்’ என்பார்கள், மீதிப் பேர் ‘மிஸ்’ என்பார்கள். மிஸ்தான் சரி. பவர் அளப்பேன், கண்ணாடி கொடுப்பேன். வருத்தம் ஏதும் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கண் வைத்தியரிடம் அனுப்பிவிடுவேன். டீவி, போன், கம்பியூட்டர் பற்றி அந்த அறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே உள்ளன. இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் கண்ணை நேரில் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சின்னவன் டீவிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். கண் பழுதாகிவிடுமா?

டீவியால் பழுதாகாது. இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1967இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கலர் டீவிகள் சிலவற்றிலிருந்து, இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எக்ஸ்ரே கதிர் வெளிவருவது தெரியவந்து பெரிய பரபரப்பானது. தள்ளி இருந்து பாருங்கள் என்ற எச்சரிக்கை அப்போது வலுத்தது. நம் நாட்டில் டீவி தொடங்கியதே 1979இல், ரூபவாஹினி 1982இல். பெட்டி வந்து இறங்கியபோது பயமும் கூடவே இறங்கிவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டி டீவிக்குள் உயர் மின்னழுத்தக் குழாய் ஒன்று இருந்தது. இன்றைய தட்டை டீவியில் அந்தக் குழாயும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை.

ஆனால் பிள்ளை ஏன் கிட்டப் போகிறான் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கும் சக்தி சிறு பிள்ளைகளுக்கு நம்மைவிட மிக அதிகம். படம் கண் நிறையத் தெரியட்டும் என்றும் போவார்கள். தூரத்திலிருந்து தெரியாததாலும் போவார்கள். எது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பிள்ளையை சோபாவில் இருத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, திரையின் அடியில் ஓடும் செய்தி எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். எழுத்துத் தெரியாத வயது என்றால் மூலையில் இருக்கும் சனல் சின்னத்தைக் கேளுங்கள். ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும் பிள்ளை தானாக ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது. அப்படி விட்டால் மற்றக் கண் ‘சோம்பல் கண்’ ஆகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் சுலபமாகச் சரிசெய்யலாம், பிந்தினால் கஷ்டம்.

அப்படியானால் டீவிக்கு எவ்வளவு தூரம் சரி?

திரையின் மூலைக்கு மூலை அளவைப்போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. 43 அங்குல டீவி என்றால் ஏறக்குறைய 1.6 முதல் 2.7 மீற்றர். இது படம் நன்றாகத் தெரிவதற்கான கணக்கு. கண்ணைப் பொறுத்தவரை இரண்டு மீற்றரும் மூன்று மீற்றரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பிளட்டுகளில் ஹோலின் அகலமே அவ்வளவுதான் என்பதால் இதில் யாரும் தவறுவதில்லை!

போன்?

என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் டீவியைத்தான் கேட்கிறார்கள்.

போன வருடம் ஒரு பையன் வந்தான், ஒன்பது வயது, தாயோடு. தாயிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது அவன் கதிரையில் காலை மடித்து இருந்து போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டைக்கு அளவெடுக்கும் நாடா ஒன்று என் மேசை லாச்சியில் எப்போதும் கிடக்கும். எடுத்து அளந்தேன். கண்ணிலிருந்து திரைக்கு 29 சென்ரிமீற்றர். பரவாயில்லை. பத்து நிமிடம் கழித்து, அவனுக்குத் தெரியாமல் இன்னொரு தரம் அளந்தேன். 17. முதுகு வளைந்து, தாடை நெஞ்சைத் தொட்டு, மூக்கு போன் திரையைத் தொடாத குறை. தாய்க்கு அந்த நாடாவையே காட்டினேன். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு விளங்கியிருக்காது.

இனி அந்த 17 ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு சிறு தசை. தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வாக இருக்கும். கிட்டப் பார்க்கும்போது அது சுருங்கி வில்லையைத் தடிப்பாக்க வேண்டும். எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை டயொப்டர் என்ற அலகில் சொல்வோம், கண்ணாடியின் ‘பவர்’ என்கிறோமே அதே அலகு. கணக்கு சுலபம்: 1ஐ மீற்றரில் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். மூன்று மீற்றரில் டீவி பார்த்தால் 0.33. 60 சென்ரிமீற்றரில் கம்பியூட்டர் என்றால் 1.7 போல. 33 சென்ரிமீற்றரில் புத்தகம் என்றால் 3. அந்தப் பையனின் 17 சென்ரிமீற்றரில் கிட்டத்தட்ட 6. அதாவது டீவியைவிடப் பதினெட்டு மடங்கு. அதோடு இரண்டு கண்ணும் மூக்கைப் பார்த்து உள்நோக்கித் திரும்பியும் இருக்க வேண்டும். வளர்ந்த ஒருவர் அந்த நிலையில் ஐந்து நிமிடம் இருந்தால் தலையிடி வந்துவிடும். பிள்ளைக்குச் சக்தி இருப்பதால் அலுப்பே தெரியாது. அதுதான் பிரச்சினை.

பழகுவதற்கு ஓர் அளவு: கையை மடக்கி முட்டியைக் கன்னத்தில் வைத்தால் முழங்கை எங்கே இருக்கிறதோ, அதற்குக் கிட்ட போன் வரக்கூடாது. பிள்ளையின் கை பிள்ளைக்கு, உங்கள் கை உங்களுக்கு. பெரியவர்களுக்கு அது 35 முதல் 40 சென்ரிமீற்றர் வரும். அப்புறம், எழுத்தைப் பெரிதாக்குங்கள். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட நெருக்கமானது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான், மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி சின்ன எழுத்தில் காணாமலே போய்விடும். வட்சப்பில் தமிழ் வாசிக்கும்போது போன் தானாக மூக்குக்குக் கிட்ட வருவதற்கு இதுவும் ஒரு காரணம். செட்டிங்ஸில் இரண்டு படி கூட்டிவிட்டால் கையும் தானாகத் தள்ளிப் போகும்.

கம்பியூட்டரை எப்படி வைக்க வேண்டும்?

கையை நீட்டினால் விரல்நுனி திரையில் படும் தூரம், அதாவது 50 முதல் 70 சென்ரிமீற்றர். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே. கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி இறங்கியிருக்கும், கண் குறைவாக உலரும். ஜன்னலுக்கு எதிரே திரையை வைத்தால் கடல் வெளிச்சம் திரையில் அடிக்கும், திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கண்ணில் அடிக்கும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை லைட்போல் எரிந்தால் குறையுங்கள், சாம்பலாகத் தெரிந்தால் கூட்டுங்கள்.

லாப்டொப்பில் இதில் எதுவும் சரிவராது. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கண்ணுக்குச் சரியாக வைத்தால் கைக்குச் சரியில்லை. நாள் முழுக்க அதில்தான் வேலை என்றால், நாலு புத்தகத்தை அடுக்கி மேலே வைத்துத் தனிக் கீபோர்ட் ஒன்று வாங்குங்கள். உங்கள் காசுக்கு இதைவிட நல்ல கண் வைத்தியம் கிடையாது.

பின்னேரம் வேலை முடியும்போது கண் எரிகிறது, மண் விழுந்ததுபோல் இருக்கிறது, சிலவேளை மங்கலாகவும் தெரிகிறது. பவர் மாறிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் இமைக்க மறந்துவிட்டீர்கள்.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, இமைப்பதும் அரைகுறையாகத்தான். இமையை ஜன்னல் துடைக்கும் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு தடவையும் கண்ணீரை மெல்லிய படலமாகப் பூசிவிட்டுப் போகிறது. படலம் கிழிந்தால் எரிச்சல், மங்கல், பிறகு அதிசயமாகக் கண்ணீர் கொட்டுதல். “கண்ணால் தண்ணீர் ஓடுது, நீங்கள் உலர்ந்த கண் என்கிறீர்களே” என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. எரிச்சல் தாங்காமல் சுரக்கும் அந்தத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை குறைவு, கண்ணில் ஒட்டி நிற்காது.

கோட்டை, கொள்ளுப்பிட்டி அலுவலகங்களில் இதோடு ஏசியும் சேரும். வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் உள்ளே காற்று காய்ந்துதான் இருக்கும். ஏசிக் காற்றோ ஃபேன் காற்றோ நேரே முகத்தில் அடிக்கும் இடத்திலிருந்து கதிரையை நகர்த்துங்கள். ஒரு மெயில் அனுப்பியதும் இரண்டு தடவை முழுதாகக் கண்ணை மூடித் திறக்கப் பழகுங்கள். இரவில் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்தால் இமை விளிம்பில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்கும். கையால் தாங்கக்கூடிய சூடு போதும்.

பார்மசியில் சொட்டு மருந்து வாங்கிப் போடலாமா?

செயற்கைக் கண்ணீர் என்று விற்பதைப் போடலாம். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பாதுகாப்பு இரசாயனம் சேர்க்காத வகையைக் கேளுங்கள். சிவப்பை எடுக்கும் சொட்டு மருந்து இரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், விட்டதும் முன்பைவிடச் சிவக்கும். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வைத்தியர் எழுதாமல் தொடவே தொடாதீர்கள். எரிச்சல் உடனே அடங்கும், அதனால் ஆட்கள் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சாகும், இளம் வயதிலேயே கண்புரை வரும். அழுத்தம் ஏறுவது வலிக்காது. போன பார்வை திரும்பாது.

இருபது நிமிடத்துக்கு ஒருதரம் தூரப் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

20-20-20 விதி. இருபது நிமிடத்துக்கு ஒருதரம், இருபது அடிக்கு அப்பால், இருபது விநாடி. ஜெஃப்ரி ஆன்ஷல் என்ற கலிபோர்னியாக் கண் பரிசோதகர் 1990களில் கம்பியூட்டர் பாவிப்பவர்களுக்காகச் சொல்லிக்கொடுத்தது. அந்த மூன்று இருபதும் ஞாபகத்தில் நிற்பதற்காகப் போட்ட எண்கள். ஆய்வுகூடத்தில் அளந்து எடுத்தவை அல்ல. இருபது விநாடி போதாது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. இருபது அடியில், அதாவது ஆறு மீற்றரில், கண் தசைக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. அந்தப் பகுதி கணக்கோடு ஒத்துப்போகிறது.

என் ஆலோசனை: நேரத்தை எண்ணாமல் எழும்பி நடவுங்கள். தண்ணீர் குடியுங்கள். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை எதற்குள் திரும்பினாலும் முடிவில் ரயில் பாதையும் அதற்கு அப்பால் கடலும்தான். அடிவானத்தைவிடத் தூரமாக எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

‘புளூ கட்’ கண்ணாடி வாங்கவா?

கண்ணாடி விற்கும் கடையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கு நல்லதல்ல. ஆனாலும், வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. நீல ஒளியை வடிகட்டும் வில்லை, திரை பார்ப்பதால் வரும் கண் அலுப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை. திரையிலிருந்து வரும் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மதியம் பஸ்ஸுக்கு நிற்கும் ஐந்து நிமிடத்தில் வெயில் உங்கள் கண்ணுக்குள் அனுப்பும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் போன் எந்த மூலைக்கு?

நித்திரை விஷயம் வேறு. படுக்கப் போகும் நேரத்தில் பிரகாசமான திரை, நித்திரை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைப் பிந்தவைக்கும். அதற்கு மருந்து போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுவது. செலவில்லாதது.

தொடர்ந்து போன் பார்த்தால் மகளுக்குக் கிட்டப்பார்வை வருமா? ஆறு மாதத்துக்கு ஒருதரம் மைனஸ் கூடிக்கொண்டே போகிறது.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் நீளமாக வளர்ந்துவிடுவது. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்னுக்குச் சுமார் 24 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் கூடினால் (வங்கி அட்டையின் தடிப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம்) பவர் மைனஸ் இரண்டரை முதல் மூன்று வரை ஏறிவிடும். வளர்ந்த கண் திரும்பக் குறுகாது. ஆகவே ‘பவரை இறக்குகிறோம்’ என்று யாராவது பயிற்சி விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

ஏன் நீளமாகிறது? தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு கூடியதற்குப் பரம்பரை மட்டும் காரணமாக முடியாது. உலகில் பாதிப் பேருக்கு 2050இல் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016இல் ஒரு கணிப்பு வெளியானது. நீண்ட நேரம், இடைவிடாமல், மிகக் கிட்டப் பார்ப்பதற்கும் இதற்கும் தொடர்பு காணப்படுகிறது. போன்தான் குற்றவாளி, புத்தகம் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. 17 சென்ரிமீற்றரில் புத்தகம் படித்தாலும் அதே 6 டயொப்டர்தான். ஆனால் புத்தகத்தைப் பிள்ளை அரை மணியில் மூடிவிடும், போனை மூடாது.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடி, வகுப்பெல்லாம் சூமில், அதுவும் பல வீடுகளில் தகப்பனின் போனில். சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஓர் ஆய்வு: ஆறு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை 2015 முதல் 2019 வரை எந்த வருடமும் 5.7 சதவீதத்தைத் தாண்டவில்லை, 2020இல் 21.5 சதவீதம். இதில் ஒரு பகுதி, தசை இறுகிப்போனதால் வந்த பொய்க் கிட்டப்பார்வையாகவும் இருக்கலாம், ஏனென்றால் அங்கே கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடாமலே அளந்தார்கள். அதனால்தான் உங்கள் மகளின் பவர் திடீரென்று ஏறினால் முதலில் அந்த மருந்து விட்டு அளக்கச் சொல்கிறேன். பொய்யான மைனஸுக்குக் கண்ணாடி கொடுப்பதைவிட மோசமான வேலை இல்லை.

உண்மையிலேயே ஏறுகிறது என்றால் மந்தப்படுத்த வழி இருக்கிறது. மிகக் குறைந்த செறிவுள்ள அட்ரொபின் சொட்டு மருந்து ஒன்று. ஹொங்கொங் ஆய்வில் 0.01, 0.025, 0.05 சதவீதங்களை ஒப்பிட்டபோது 0.05 கூடுதலாகப் பலன் தந்தது. இதற்கென்றே செய்த விசேட வில்லைகளும் இருக்கின்றன. எது, எப்போது என்பது கண் வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. மைனஸ் 6ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை கழரும் ஆபத்தும், விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் ஆபத்தும் கூடும். ஏறும் வேகத்தைக் குறைக்கப் பாடுபடுவது அதற்காகத்தான்.

வெளியில் விளையாடினால் கண்ணுக்கு நல்லது என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவீதத்துக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5. அந்த ஆய்வு 2015இல் வெளியானது. தாய்வான் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்று பள்ளிகளில் நடத்துகிறது.

ஓடுவதால் அல்ல, வெளிச்சத்தால் என்பதுதான் இப்போதைய விளக்கம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். நல்ல லைட் போட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ். மரநிழலில் கூடப் பல ஆயிரம். வெட்டவெளியில் ஒரு இலட்சம் வரை போகும். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமீன் என்ற இரசாயனம் சுரக்கிறது, அது கண் நீள்வதைத் தடுக்கிறது. தொப்பி போடலாம், நிழலில் நிற்கலாம், சூரியனைப் பார்க்கத் தேவையில்லை. ஏற்கெனவே கிட்டப்பார்வை வந்துவிட்ட பிள்ளைக்கு இதன் பலன் குறைவு. வருமுன் செய்தால்தான் பலன்.

வருடம் முழுக்க வெயில் எரிக்கும் ஊரில் இதை எழுத வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. பள்ளி 1.30க்கு விடும். ஸ்கூல் வான் வண்டியில் ஏறி, சாப்பிட்டு, மூன்று மணிக்கு டியூஷன், முடிய இன்னொன்று, வீடு வரும்போது இருட்டு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம் என்றால் சனி ஞாயிறும் இல்லை. எட்டு ஒன்பது வயதில், கண் வேகமாக வளரும் காலத்தில், பிள்ளையை நாம் ட்யூப் லைட்டின் கீழ் வளர்க்கிறோம். பிளட்டில் முற்றம் இல்லை என்கிறார்கள். மொட்டை மாடி இருக்கிறது. பள்ளி இடைவேளையில் வகுப்புக்குள் இராமல் வெளியே போகச் சொல்லலாம். இரண்டு டியூஷனுக்கு இடையில் நடத்திக் கூட்டிப்போகலாம்.

கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகி இன்னும் பவர் ஏறுமாமே? கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

மாட்டேன். மலேசியாவில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2002இல் முடிவு வந்தது: குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக ஏறியது. வளரும் வயதில் கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். போடாத பிள்ளைக்குக் கரும்பலகையும் தெரியாது.

இருட்டில் போன் பார்த்தால் கண் போய்விடுமா?

போகாது, அலுக்கும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களில் போன் வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கேட்கிறார்கள். அதனால் யாருடைய கண்ணும் கெட்டதில்லை. ஆனால் படுக்கையில் குப்புறக் கிடந்து பார்த்தால் தூரம் 15 சென்ரிமீற்றருக்கு வந்துவிடும், அதைக் கவனியுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சிலருக்குச் சுகம், சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரேபோல் இல்லாததற்குக் கொடுப்பது) உள்ளவர்களுக்கு எழுத்து கலங்கித் தெரியும். எது சுகமோ அதை வையுங்கள். ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் வாசித்தாலும் கண் கெடாது. வயிற்றைப் பிரட்டும், அவ்வளவுதான்.

வயது 44. தூரம் நன்றாகத் தெரிகிறது. போனைத் தள்ளிப் பிடித்தால்தான் வாசிக்க முடிகிறது. போன் பார்த்ததால் வந்ததா?

வெள்ளெழுத்து. போன் இல்லாத காலத்திலும் வந்தது. கண் வில்லை வயதோடு இறுகி வளைந்துகொடுக்காமல் போவது. வாசிக்கும் கண்ணாடி போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பியூட்டரில் வேலை செய்பவர் என்றால், கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு வாருங்கள். 35 சென்ரிமீற்றருக்குக் கொடுத்த கண்ணாடியைப் போட்டு 65இல் உள்ள திரையைப் பார்த்தால் தலை தானாக முன்னுக்கு நீளும். தூரமும் கிட்டவும் ஒன்றாக உள்ள புரோகிரஸிவ் கண்ணாடியில் தாடையைத் தூக்கிக் கண்ணாடியின் அடிப்பகுதியால் பார்க்க வேண்டியிருப்பதால் பிடரி வலிக்கும். பலர் எலும்பு வைத்தியரிடம் போய்விட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

ஒரு வயதுக் குழந்தை போன் காட்டினால்தான் சாப்பிடுகிறது.

2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். அம்மம்மா பல்கனியில் நின்று காக்கா காட்டி ஊட்டினாரே, கண்ணுக்கு அதுதான் சரியான தூரம்.

பொன்னாங்காணி சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றலாமா? நந்தியாவட்டைப் பூ?

பொன்னாங்காணிச் சுண்டல் நல்ல சாப்பாடு. விற்றமின் ஏ குறைபாட்டால் வரும் மாலைக்கண்ணுக்குக் கீரை உதவும். நீண்டுவிட்ட கண்ணைக் கீரை குறுக்காது. நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், வையுங்கள். பிழிந்து கண்ணுக்குள் விடாதீர்கள். தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்: கிருமி புகுந்து கருவிழியில் புண் வந்தால் வடு நிற்கும்.

எப்போது கடைக்கு வராமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

திடீரென்று மின்னல்போல் வெளிச்சம் தெரிந்தால், கறுப்புப் புள்ளிகள் மழைபோல் விழுந்தால், ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் மறைத்தால், அன்றைக்கே. கண் சிவந்து கடுமையாக வலித்து, லைட்டைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலும் அப்படித்தான். குழந்தையின் கண்மணி போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்தாலும், கண் ஒன்று விலகி நின்றாலும் நாட்கடத்த வேண்டாம். மருதானைப் பக்கம் டீன்ஸ் வீதியில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்கத்துடையது, கட்டணம் இல்லை. பஸ் கொண்டக்டர் ‘கண் ஆஸ்பத்திரி’ என்று கூவும் லிப்டன் சுற்றுவட்டத்தில் இருப்பது பழைய விக்டோரியா கண் வைத்தியசாலையின் சிவப்புக் கட்டடம். பெயரைக் கேட்டு அங்கே இறங்கி நிற்பவர்கள் உண்டு.

பிள்ளையைப் பரிசோதனைக்குக் கூட்டி வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய கண்ணாடிகள் எல்லாம், உடைந்தது உட்பட. பழைய பவர் எழுதிய துண்டு. வீட்டில் போன் பிடிக்கும் தூரம், அவனுக்குத் தெரியாமல் அளந்தது. வைத்தியர் கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்ட ஒன்றும் வாசிக்க முடியாது, வெளிச்சமும் கூசும். மருந்தைப் பொறுத்து அடுத்த நாள் வரைகூட இழுக்கும். எனவே ஒரு தொப்பி எடுத்து வாருங்கள், அன்றைய டியூஷனுக்கு லீவு சொல்லிவிடுங்கள்.